சேரிக்கு மட்டும் ஏன் எப்போதும் அழுக்குச் சட்டை?

தமிழ்த் திரையில் ஒருவர் சேரியைச் சேர்ந்தவர் என்று காட்ட வசனம் தேவையில்லை. புதுச் சட்டையை டீத்தண்ணியில் ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, காலரைக் கிழித்து மாட்டிவிட்டால் போதும். இதை ஆடை வடிவமைப்பாளர்கள் யதார்த்தம் என்கிறார்கள். யாருடைய யதார்த்தம்?

நாடக, திரைப்பட ஆடைகள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பிறந்தது இராசபாளையத்தில், ஒரு காலனியில். பஞ்சாலையில் ஷிப்ட் முடித்து வருகிற எங்கள் அண்ணன்மார்கள் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போடாமல் கடைத்தெருவுக்குப் போகமாட்டார்கள். அந்த வெள்ளைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் (இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அப்போது அதில்தான் இருந்தன) ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மேலுடம்பை ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. நகை, பூ, குடை, செருப்பு எதுவும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் பக்கத்து மதுரையில் காந்தி தாமாகவே சட்டையைத் துறந்திருந்தார். துறப்பதற்கும் முதலில் ஒரு சட்டை வேண்டுமே!

நம் படங்களில் வரும் பண்ணையாளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெற்றுடம்பு, முழங்காலுக்கு மேல் அழுக்கு வேட்டி, வெறுங்கால். தடை போட்டவர்கள் கேட்டதை அப்படியே தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். 'கபாலி'யின் (2016) கோட்டும் 'அசுரன்' (2019) படத்தின் செருப்பும் சிலருக்கு ஏன் அவ்வளவு உறுத்தின என்பது இப்போது விளங்கும்.

வறுமை இல்லையா என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஏழை அய்யர் திரையில் வந்தால் அவர் வேட்டி பழசாக இருக்கும், அழுக்காக இருக்காது.

மேடையும் தப்பவில்லை. எங்கள் வட்டாரக் கோயில் பொங்கல்களில் விடிய விடிய நடக்கும் அரிச்சந்திர மயான காண்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் ஜரிகை அங்கியைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கம்பளியோடு வந்ததும் கூட்டம் அழுகிறது. நிசமாகவே சுடுகாட்டில் வேலை செய்கிறவரும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் துணியைப் பார்த்து யாரும் அழுததில்லை. அரிச்சந்திரனை விலைக்கு வாங்கும் வீரபாகுவோ சுடுகாட்டுக்கே சொந்தக்காரன். நான் பார்த்த மேடைகளில் அவனுக்கும் கந்தல்தான். அரசனையே விலைக்கு வாங்கியவனுக்கு ஒரு நல்ல வேட்டி வாங்க வக்கில்லையாம்!