அட்வான்ஸ் யாருடையது?



வீட்டுக்காரர்களைக் குறை சொல்லிக் குடியிருப்பவர்கள் எழுதும் கடிதங்களை நிறையப் படித்திருப்பீர்கள். நான் வீட்டுக்காரி. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடிப் போர்ஷன் வாடகைக்கு. என் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டிக் கொள்ளலாம்.

2022 ஜூனில் வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் மாடிக்குக் குடி வந்தார்கள். ஒருத்தி சேலம், ஒருத்தி திருச்சி, ஒருத்தி திருநெல்வேலி. வாடகை 18,000. "ஊர் வழக்கம் பத்து மாசம்" என்று என்னவர் சொல்ல, அட்வான்ஸ் 1,80,000 வாங்கினோம். ஆளுக்கு 60,000 போட்டார்கள். ஆனால் அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டது திருநெல்வேலிப் பெண் மட்டும்தான். மூன்று பேரின் ஆதார் நகலையும் கேட்டு வாங்கி பீரோவில் வைத்த எனக்கு, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கத் தோன்றவில்லை.

அடுத்த தை மாதம் சேலத்துப் பெண்ணுக்குக் கல்யாணம். அவள் இடத்துக்கு ஒரு மதுரைப் பெண் வந்தாள். போகிறவளின் 60,000-ஐ வருகிறவளே போன் மூலம் அனுப்பிவிட்டாள். மாடிப்படியில் நின்றபடி, "ஆன்ட்டி, இனிமே அவ பங்கு என்னோடது" என்றாள். உள்ளே குக்கர் விசில் அடித்துக் கொண்டிருந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதோடு சரி, ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை.

2025 பங்குனியில், அறுபத்து மூவர் முடிந்த வாரம், மூவரும் காலி செய்தார்கள். பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக் கொண்டு, மீதி 1,62,000-ஐத் திருநெல்வேலிப் பெண்ணின் கணக்கில் போட்டோம். அதுவும் உடனே இல்லை. அந்த அட்வான்ஸ் எப்போதோ பையனின் காலேஜ் ஃபீஸாகப் போயிருந்தது! என் தம்பியிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தோம். எங்கள் தெருவிலேயே, அடுத்து வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் பழையவருக்குத் திருப்பித் தருகிறார்கள். வெளியே யாரும் சொல்லிக் கொள்வதில்லை.

பத்து நாள் கழித்து மதுரைப் பெண் வாசலில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, என்னோட அறுபதாயிரம்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருநெல்வேலிப் பெண்ணுக்குப் போன் செய்தால், "அவ ரெண்டு மாசம் வாடகை தரல ஆன்ட்டி, நான்தான் கைக்காசு போட்டு உங்களுக்குக் கட்டினேன்" என்கிறாள். மறுநாள் மதுரையிலிருந்து அந்த அம்மாவே பேசினார். "அக்கா, என் வளையல அடகு வச்சுத்தான் குடுத்து விட்டேன். அவ பேரு எங்கயுமே இல்லைங்கிறாங்களே, அது எப்படிக்கா?" எனக்குப் பதில் வரவில்லை.

எதிர் வீட்டு வக்கீல் மாமாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். 1960-ஆம் வருட வாடகைச் சட்டம் ஒரு மாத வாடகையைத்தான் அட்வான்ஸாக வாங்க அனுமதித்ததாம். நாம் பத்து மாதம் வாங்கிக் கொண்டிருந்தோம்! அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் வருடச் சட்டம் 22.2.2019 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக் கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக் கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். நாங்கள் 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதிப் பெட்டியில் போட்டதோடு சரி.

சேர்ந்து குடியிருப்பவர்கள் விஷயத்துக்கு இன்னும் பழைய சட்டம் இருக்கிறது, 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம். நாலு பேர் சேர்ந்து ஒப்புக் கொண்ட பாக்கியை நாலு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுசாகக் கேட்கலாம். கட்டினவள் மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூலித்துக் கொள்ள வேண்டியதுதான். சேர்ந்து கொடுத்த பணம் திரும்பி வரும்போதும் சங்கடம்தான். கூட்டாகப் பணம் பெற வேண்டியவர்களில் ஒருவரிடம் கொடுத்தாலே கடன் தீர்ந்தது என்று, ஒரு புரோநோட்டு வழக்கில், நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1913-லேயே சொல்லியிருக்கிறதாம். மற்ற ஊர் நீதிமன்றங்கள் சில இதை ஏற்கவில்லையாம். "உங்க கேஸ்ல அதுகூட இல்லம்மா. அந்தப் பொண்ணு பேரே பத்திரத்தில இல்லையே" என்றார்.

திருநெல்வேலிப் பெண்ணையும் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. மாதம் பிறந்தால் நான் முழு 18,000-ஐயும் அவளிடம்தான் கேட்பேன். கூட இருப்பவள் தராவிட்டால் அவள் தலையில்தான் விடியும். கையெழுத்துப் போட்டவள் மூன்று வருடம் மூன்று பேரின் பாரத்தையும் சுமந்தாள். பணம் கையில் வந்தபோது பிடித்து வைத்துக் கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வரவழைத்து, டிபன் கொடுத்து, ஹாலில் உட்கார வைத்தேன். இருவர் போனிலும் இருந்த வங்கிக் கணக்கைப் பார்த்தோம். இரண்டு மாத வாடகைப் பங்கு 12,000 தரப்படாதது உண்மைதான். பெயின்ட் செலவில் பங்கு 6,000. அது போக மதுரைப் பெண்ணுக்கு 42,000 வர வேண்டும். அழுகை, கோபம், பழைய கதை எல்லாம் முடிந்து அந்த வாரமே 30,000 வந்தது.

இப்போது மாடியில் இரண்டு நர்ஸ் பெண்கள். அடையாறில் வேலை. அட்வான்ஸ் மூன்று மாதம்தான் வாங்கினேன். என்னவருக்கு இன்னும் அதில் வருத்தம். அதை வங்கியில் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். அக்ரிமென்டில் இருவர் பெயரும் இருக்கிறது, யார் எவ்வளவு கொடுத்தார் என்பதும், காலி செய்தால் யார் கணக்குக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதும் இருக்கிறது. பதிவும் செய்தாயிற்று. நடுவில் ஒருத்தி மாறினால், போகிறவள், வருகிறவள், இருக்கிறவள், நான் நாலு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கை மாறும் என்று சொல்லிவிட்டேன். "எங்களுக்குள்ள எதுக்கு ஆன்ட்டி இதெல்லாம்? நாங்க ஃபிரெண்ட்ஸ்தானே" என்று சிரித்தார்கள். முன்னால் இருந்தவர்களும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதிகள்தான்.

பெண்ணைச் சென்னைக்கு வேலைக்கு அனுப்பும் அம்மாக்கள், பாத்ரூமில் தண்ணீர் வருமா, பக்கத்தில் பஸ் உண்டா என்றெல்லாம் என்னிடம் விசாரிக்கிறார்கள். "எம்பொண்ணு குடுக்கிற பணத்துக்கு அவ பேர்ல ரசீது உண்டா?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மதுரைப் பெண்ணுக்கு மீதி 12,000 இன்னும் வரவில்லை. மாதம் பிறந்ததும் அவள் அம்மா எனக்குப் போன் செய்கிறார். பணத்தைப் பற்றிக் கேட்பதில்லை, சௌக்கியம்தான் விசாரிக்கிறார். வளையலை மீட்டாச்சா என்று கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாப்பூர்