ஒரு கோடையில் ஒருவரைக்கூட வாங்காத கிளப்

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள் வீரர்களை வாங்குவதற்கான கெடு 2018 ஆகஸ்ட் 9-ம் தேதி மாலை 5 மணிக்கு முடிந்தது. கால்பந்து ரசிகருக்குக் கெடு நாள் என்பது பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாள் மாதிரி. காலையிலிருந்தே கைபேசியைக் கீழே வைக்க மனம் வராது. வடக்கு லண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப்பின் ரசிகர்களும் அப்படித்தான் காத்திருந்தார்கள். மணி ஐந்தானது. யாரும் வரவில்லை. கோடைக்கால டிரான்ஸ்ஃபர் பருவம் 2003-ல் நடைமுறைக்கு வந்த பிறகு, பிரீமியர் லீக் கிளப் ஒன்று அந்தப் பருவம் முழுவதும் ஒருவரைக்கூட வாங்காமல் விட்டது அதுவே முதல் முறை.

அடுத்து வந்த ஜனவரியிலும் அதே கதை. அது மட்டுமல்ல, நடுக்களத்தின் தூணாக இருந்த மூசா டெம்பெலேயைச் சீனாவுக்கு விற்றார்கள். 2018 ஜனவரி கடைசி நாளில் பிரேசில் வீரர் லூகாஸ் மோராவை வாங்கியதற்கும், அடுத்த வீரரை வாங்கிய 2019 ஜூலைக்கும் இடையில் 17 மாதங்கள் ஓடிவிட்டன.

தோற்றுக்கொண்டிருந்த அணியாக இருந்தால் இதில் பேச ஒன்றுமில்லை. ஆனால், அது டாட்டன்ஹாம் அரை நூற்றாண்டில் கண்ட ஆகச் சிறந்த அணிகளில் ஒன்று. மொரீசியோ பொச்செட்டினோவின் பயிற்சியில் 2015-16-ல் மூன்றாம் இடம். அடுத்த ஆண்டு 86 புள்ளிகளுடன் இரண்டாம் இடம். அதற்கடுத்த ஆண்டு மீண்டும் மூன்றாம் இடம். ஹாரி கேன் கிளப்பின் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர். டெலே அல்லி மூன்றாம் நிலை லீக்கிலிருந்து 50 லட்சம் பவுண்டுக்கு வந்தவர். தென்கொரியாவின் சன் ஹியுங்-மின், டென்மார்க்கின் எரிக்சன் எல்லோரும் உச்சத்தில் இருந்தார்கள். 1961-க்குப் பிறகு லீக் பட்டமே வெல்லாத கிளப்புக்கு இப்படியொரு அணி அமைவது அபூர்வம். இன்னும் இரண்டு, மூன்று நல்ல வீரர்கள் போதும் என்ற நிலை. பொச்செட்டினோவும் அதைத்தான் கேட்டார். 2018 மே மாதம், சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும், கிளப் துணிச்சலாக இருக்க வேண்டும், ஆபத்தை ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

துணிச்சல் என்பது டாட்டன்ஹாமில் சுவரிலேயே எழுதியிருக்கும் சொல். ‘துணிவதே செய்வது’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம்தான் கிளப்பின் முழக்கம்!

கிளப் தலைவர் டேனியல் லெவிக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஏறத்தாழ 100 கோடி பவுண்ட் செலவில், 62,000-க்கும் மேற்பட்டோர் அமரும் புதிய மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது. 2018 செப்டம்பரில் திறக்க வேண்டியது, 2019 ஏப்ரல் வரை இழுத்தது. அதுவரை அணி வெம்ப்லியில் வாடகைக்கு ஆடியது. வீடு கட்டுகிறவரால் நகை வாங்க முடியுமா என்று கேட்பது நமக்குப் புரியாத வாதம் அல்ல. எல்லை மீறிச் செலவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லீட்ஸ் யுனைடெட் கண்ணெதிரே நின்றது. சாம்பியன்ஸ் லீக் வருமானம் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக் கடன்மேல் கடன் வாங்கிய அந்தக் கிளப், 2001-ல் ஐரோப்பாவின் அரையிறுதியில் ஆடியது. 2004-ல் பிரீமியர் லீக்கிலிருந்து வெளியேறியது. 2007-ல் மூன்றாம் நிலைக்கு விழுந்தது. திரும்பி வர 2020 ஆனது. டாட்டன்ஹாமையும் லீட்ஸ் ஆக்கச் சொல்லி எந்த ரசிகரும் கேட்கவில்லை.

ஆனால், கணக்குப் புத்தகம் வேறொன்றையும் சொன்னது. 2017-18 நிதியாண்டில் டாட்டன்ஹாம் ஈட்டிய லாபம் 11.3 கோடி பவுண்ட்; அன்றைய மதிப்பில் சுமார் 1,000 கோடி ரூபாய். அதுவரை உலகில் எந்தக் கால்பந்து கிளப்பும் ஒரே ஆண்டில் அவ்வளவு லாபம் பார்த்ததில்லை. அதே ஆண்டுக் கணக்கில் லெவிக்கு மைதானப் பணிக்கென்று 30 லட்சம் பவுண்ட் ஊக்கத்தொகை எழுதப்பட்டிருந்தது. மைதானம் அப்போது திறக்கப்படவே இல்லை. புதிய மைதானத்தில் ஒரு சீசன் முழுவதற்குமான டிக்கெட்டின் மேல்தட்டு விலை 2,000 பவுண்டை ஒட்டி இருந்தது. வீரர்களின் சம்பளத்துக்கு வருமானத்தில் பாதியைக்கூடச் செலவிடாத கிளப், பார்க்க வருகிறவரிடம் மட்டும் முதல் தரக் கட்டணம் கேட்டது. ரசிகரின் கோபம் இங்கேதான் தொடங்குகிறது. ‘காசு இல்லை’ என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார். உண்டியல் குலுங்கும் சத்தம் தெருவுக்கே கேட்கும்போது பொறுக்கச் சொன்னால்?

பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிளப் இருந்தது, லிவர்பூல். அதுவும் கண்டபடி வாரியிறைக்கும் கிளப் அல்ல. 2018 ஜனவரியில் தன் நட்சத்திர வீரர் கோட்டினோவைப் பார்சலோனாவுக்கு விற்று, அதே மாதத்தில் 7.5 கோடி பவுண்டுக்குத் தடுப்பாட்டக்காரர் வான் டைக்கை வாங்கியது. அந்த மே மாதம் கீவ் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோல்கீப்பர் காரியஸின் தவறுகளால் ரியல் மாட்ரிட்டிடம் தோற்றது. ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஜூலையில் 6 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து அலிசனைக் கொண்டுவந்தார்கள். நடுக்களத்துக்கு ஃபபினோவும் வந்தார். அணி கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்போது, எது குறைகிறதோ அதை உடனே வாங்கியது லிவர்பூல். டாட்டன்ஹாம், அணி கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறதே, எதற்கு வாங்க வேண்டும் என்று நினைத்தது.

விதியின் குறும்பு, 2018-19 சீசனின் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு இந்த இரண்டு கிளப்புகளும்தான் வந்தன. டாட்டன்ஹாம் வந்த விதம் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டியின் கடைசி நேர கோலைக் காணொளி நடுவர் ரத்து செய்தார். அரையிறுதியில், ஆம்ஸ்டர்டாமில் இடைவேளையின்போது அயாக்ஸைவிட மொத்தம் மூன்று கோல் பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து லூகாஸ் மோரா மூன்று கோல் அடித்தார். மூன்றாவது 96-வது நிமிடத்தில். வீரர் வாங்காத கொள்கையைப் பாராட்டியவர்கள் அன்று இரவு உற்சாகமாகப் பேசியிருப்பார்கள்.

ஜூன் 1, மாட்ரிட். ஏப்ரலில் கணுக்கால் காயம்பட்டு ஒரு ஆட்டமும் ஆடாமல் இருந்த கேன் நேராக இறுதியாட்டத்தில் இறக்கப்பட்டார். காயத்திலிருந்து திரும்பிய ஹாரி விங்க்ஸும் அப்படியே. மூன்று கோல் நாயகன் மோரா மாற்று வீரர்களோடு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது நிமிடத்திலேயே பெனால்டியில் கோல் வாங்கி, கடைசியில் 2-0 எனத் தோற்றார்கள். லிவர்பூலின் தற்காப்பில் நின்றவர் வான் டைக். கோல் வலையில் பந்தை விடாமல் காத்தவர் அலிசன்.

ஐந்தரை மாதத்தில் பொச்செட்டினோ வேலையை இழந்தார்.

பிறகு டாட்டன்ஹாம் செலவழிக்கத் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் பிரெஞ்சு வீரர் தாங்கி என்டோம்பெலேயைக் கிளப் வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். அவர் சோபிக்கவில்லை. 2024-ல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, விற்பனைத் தொகை எதுவும் இல்லாமல் அனுப்பிவைத்தார்கள். இதற்கு முன்பு 2013-ல் கேரத் பேலை விற்ற பணத்தில் ஏழு வீரர்களை வாரிக்கொண்டு வந்ததும் இதே நிர்வாகம்தான். அவர்களில் எரிக்சனைத் தவிரக் காலூன்றியவர்கள் அதிகமில்லை. ஆகவே, கஞ்சத்தனம் என்ற ஒற்றைச் சொல்லில் இந்த நிர்வாகத்தை அடக்கிவிட முடியாது. விதைக்க வேண்டிய ஆடியில் விதைநெல்லைப் பூட்டிவைத்துவிட்டு, பருவம் தப்பியபின் விலை பாராமல் விதைத்தவர்கள் என்பதே சரியான குற்றச்சாட்டு.

கடை பிடிக்கவில்லை என்றால் எதிர்க்கடைக்குப் போகலாம். கால்பந்து ரசிகரால் அது முடியாது. டாட்டன்ஹாம் ரசிகர் பக்கத்து எதிரியான ஆர்சனலுக்குப் போவதைவிட, ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டவேலை பார்க்கவே விரும்புவார். போகமாட்டார் என்று தெரிந்த வாடிக்கையாளரை எந்த வியாபாரி மதிப்பார்? 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காட்டி, ஆட்டக்காரர்கள் அல்லாத ஊழியர்களின் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் கிளப் வெட்டியது. எதிர்த்துக் குரல் கொடுத்து அந்த முடிவைப் பின்வாங்க வைத்ததில் ரசிகர்களின் பங்கு பெரிது. 2025-ன் தொடக்கத்தில் மைதானத்துக்கு வெளியே அவர்கள் பிடித்த பதாகை லெவி காலத்தின் கணக்கைச் சொன்னது: 24 ஆண்டுகள், 16 பயிற்சியாளர்கள், ஒரே ஒரு கோப்பை.

அந்த ஆண்டு மே மாதம் இரண்டாவது கோப்பையும் வந்தது. பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வென்று யூரோப்பா லீக்கைக் கைப்பற்றினார்கள். 17 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. பொறுமைக்குப் பலன் என்று இதைச் சொல்கிறவர்கள், அதே சீசனில் அணி லீக்கில் 17-வது இடத்தில் முடித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோப்பை வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் ஆங்கி போஸ்டெகோக்லு 16 நாளில் நீக்கப்பட்டார். டாட்டன்ஹாமுக்காக 280 கோல் அடித்தும் ஒரு பட்டமும் காணாத ஹாரி கேனும் அதே மே மாதம்தான் தன் முதல் பட்டத்தை வென்றார். ஆனால், பயர்ன் மியூனிக் சட்டையில்.

லெவி 2025 செப்டம்பர் 4 அன்று பதவி விலகினார். அவர் காலத்தின் கடைசிக் கோடையில் டாட்டன்ஹாம் குறிவைத்த வீரர்களில் ஒருவர், கிரிஸ்டல் பேலஸின் எபெரெச்சி எஸே. பேரம் நீண்டுகொண்டே போனது. ஆகஸ்ட் இறுதியில் ஆர்சனல் குறுக்கே புகுந்து அவரை அழைத்துச் சென்றது. நவம்பர் 23-ம் தேதி இரண்டு கிளப்புகளும் மோதின. ஆர்சனல் 4-1 என வென்றது. அதில் மூன்று கோல் எஸே அடித்தவை.