குளிர்ந்தவர் யார்?

ஃபிரிஜிட். வீட்டிலிருக்கும் ஃபிரிட்ஜுக்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டுக்கும் லத்தீனில் ஒரே வேர், குளிர். பூகோளப் பாடத்தில் இந்தச் சொல்லால் சங்கடமில்லை. 66½ டிகிரிக்கு அப்பால் துருவம் வரை குளிர் மண்டலம், அவ்வளவுதான். காற்றுக்கும் சொல்லலாம், சிடுமூஞ்சி அதிகாரியின் குரலுக்கும் சொல்லலாம். வெறும் 'கோல்ட்' என்பதைவிட ஒரு படி கடுமை.

தமிழுக்குக் கொண்டுவரும்போதுதான் இடிக்கிறது. வெயிலில் வேகும் நமக்குக் குளிர்ச்சி ஒரு வரம். மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம், அருளுக்கே 'தண்ணளி' என்று பெயர். எரிவதும் கொதிப்பதும் பொறாமைக்கும் கோபத்துக்கும். 'குளிர்ந்த வரவேற்பு' என்று எழுதினால், வந்தவருக்கு மோரும் பானகமும் கொடுத்தார்கள் போலிருக்கிறது என்பார் வாசகர். 'வேண்டாவெறுப்பான வரவேற்பு' என்று எழுதிவிட்டு நகரலாம்.

நகர முடியாத இடம் ஒன்று உண்டு: தாம்பத்தியத்தில் நாட்டமில்லாத பெண்ணை இந்தச் சொல்லால் குறிப்பது. வேடிக்கை என்னவென்றால், முதலில் இந்தப் பெயரை வாங்கியவர்கள் ஆண்கள். போப் ஒன்பதாம் கிரிகோரி 1234-ல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 'குளிர்ந்தவர்களும் சூனியத்துக்கு ஆளானவர்களும்' என்ற பொருளில் ஒரு தலைப்பே இருக்கிறது. ஆண்மைக் குறைவால் திருமணம் செல்லாமல் போவது பற்றிய சட்டம் அது. பின்னால் ஆணுக்கு 'இம்பொடன்ட்', அதாவது சக்தியற்றவர், என்ற சொல் நிலைத்தது. குளிர் பெண் தலையில் விழுந்தது. அவனுக்குக் குறைவது பலம். அவளுக்குக் குறைவது பாசம் என்பது போல!

மருத்துவர்களுக்கே இது உறுத்தியது. 1970-ல் மாஸ்டர்ஸும் ஜான்சனும் இந்தச் சொல்லை ஒதுக்கினார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு நாட்டக் குறைவைக் குறிக்க வேறு பெயர் சூட்டியது. நம் மருத்துவக் கேள்வி-பதில் பக்கங்களிலோ 'உணர்ச்சியற்றவள்', 'ஜடம்' என்றெல்லாம் எழுதியிருக்கிறோம். வலி, பயம், அலுப்பு, சாப்பிடும் மாத்திரை, ஏன், கணவனின் முரட்டுத்தனம்கூடக் காரணமாக இருக்கலாம். 'உறவில் நாட்டம் குறைந்திருக்கிறது' என்றால் அது ஒரு நிலை, மாறக்கூடியது. 'ஜடம்' என்றால் ஆளையே முடித்துவிடுகிறோம்.

நாவல் வேறு விஷயம். அங்கே கணவன் மனைவியைப் பார்த்து ஃபிரிஜிட் என்று கத்தினால் நாகரிகம் பார்க்க வேண்டாம். 'மரக்கட்டை' என்றே போடுங்கள். அந்த வசவு அவனுடையது.