மூன்றாவது கிலோவாட் வேண்டுமா?

சோலார் விற்க வருகிறவர் மொட்டை மாடியில் ஏறியதும் சொல்லும் முதல் வாக்கியம், "கரண்ட் பில் ஜீரோ ஆயிடும் சார்." அடுத்தது 78,000 ரூபாய் மானியம். அதற்கடுத்தது 25 ஆண்டு வாரண்டி. ஈபி அட்டையை வாங்கிப் பார்த்து, "ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?" என்று கேட்கிறவர் அபூர்வம். தமிழ்நாட்டில் சோலார் லாபமா நட்டமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு கேள்விதான்.

மானியத்தின் கதை எளிது. 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் அறிவிக்கப்பட்டது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஒரு கோடி வீடுகள் இலக்கு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். ஆக மொத்தம் 78,000. அதற்குமேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் ஒரு பைசா கூடாது. செல் உட்பட இந்தியாவில் தயாரான பேனலாக இருந்தால்தான் இந்தப் பணம் வரும். அந்தப் பேனல் விலையும் சற்றுக் கூடுதல். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது ஓர் ஆறுதல்.

மூன்றாவது கிலோவாட்டுக்கு மட்டும் அரசு ஏன் கையைச் சுருக்கிக்கொள்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. மூன்றுதான் இன்று கடைச்சரக்கு. விளம்பரம், வங்கிக் கடன், விலைப்பட்டியல் எல்லாமே மூன்று கிலோவாட்டை வைத்தே பேசுகின்றன.

அந்த மூன்றாவது நமக்குக் கட்டுமா என்பதை மின்கட்டணம்தான் சொல்லும். தமிழ்நாட்டு மின்கட்டணம் படிக்கட்டுப் போன்றது. 2024 ஜூலை கட்டணப்படி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2016 முதல் எல்லா வீட்டுக்கும் உண்டு. அடுத்த 100-ல் ஒரு யூனிட் இரண்டேகால், இரண்டரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். 400 வரை ஐந்து ரூபாய்க்குக் கீழே. 500-ஐத் தாண்டினால்தான் படி செங்குத்தாகிறது. கீழ்ப்படியில் கிடைத்த சலுகையின் ஒரு பகுதி அங்கே பறிபோகிறது. 501-வது யூனிட் ஓடிய கணத்தில் பில் 200 ரூபாய்க்கு மேல் குதிக்கிறது. மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் இரண்டு நாள் தாமதமாக வந்தால் வீட்டுக்காரர் பதறுவது இதனால்தான். 600-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாய்க்கு மேல், 800-ஐத் தாண்டினால் பத்துக்கு மேல்.

சோலார் இந்தப் படிக்கட்டை மேலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. முதலில் வெட்டுப்படுவது விலை உயர்ந்த யூனிட். கடைசியில் வெட்டுப்படுவது ஏற்கெனவே இலவசமாக வந்துகொண்டிருந்த யூனிட்.

இரண்டு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர் உள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி பில் ஏறத்தாழ 4,800 ரூபாய். நம் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. முதல் கிலோவாட் போட்டதும் கணக்கில் நிற்பது 560 யூனிட், பில் 2,600 ரூபாய் அளவில். மிச்சம் 2,200. இரண்டாவது போட்டால் 320 யூனிட், பில் 800 ரூபாய். இன்னும் 1,800 மிச்சம். மூன்றாவது போட்டால் 80 யூனிட், பில் பூஜ்யம். விற்பனையாளர் சொன்னது பலித்துவிட்டது. ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சம் பிடித்தது வெறும் 800 ரூபாய்.

கிலோவாட்டுக்கு 70,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொண்டால், மானியம் போக முதல் இரண்டுக்கும் கைக்காசு தலா 40,000, மூன்றாவதற்கு 52,000. முதலாவது மூன்று ஆண்டில் தன் விலையை எடுத்துவிடும். இரண்டாவதற்கு நான்கு ஆண்டுக்குள். மூன்றாவதற்குப் பத்து ஆண்டும் போதாது. சேர்த்துப் போடும்போது விலையில் கொஞ்சம் குறைப்பார்கள் என்பது உண்மை. மூன்றாவதை 55,000-க்கே கொடுத்தாலும் ஏழெட்டு ஆண்டு ஆகும். ஈபியின் நெட்வொர்க் கட்டணம், பேனல் கழுவும் கூலி, வங்கி வட்டி எதையும் இதில் சேர்க்கவில்லை. இன்வெர்ட்டரின் வாரண்டி பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுதான். மூன்றாவது கிலோவாட் லாபம் காட்டத் தொடங்கும் வேளையில் புது இன்வெர்ட்டர் வாங்கச் சொல்வார்கள்.

300 யூனிட் ஓடும் வீட்டுக்கு நிலைமை இன்னும் மோசம். அந்த வீட்டின் பில் 700 ரூபாய் சொச்சம். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 4,300 ரூபாய் தாண்டாது. ஒரே ஒரு கிலோவாட் போட்டு அதை முழுதாகத் துடைத்தாலும் போட்ட பணம் திரும்ப ஒன்பது, பத்து ஆண்டாகும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தமிழ்நாடு வீட்டுக்கூரை சோலாரில் குஜராத், மகாராஷ்டிரம், கேரளத்துக்குப் பின்னால் நிற்பதைச் சிலர் விழிப்புணர்வுக் குறைவு என்கிறார்கள். விழிப்புணர்வு நன்றாகவே இருக்கிறது. மக்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். 2019-ல் மாநில அரசு வெளியிட்ட சூரிய மின்கொள்கை, 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் கூரைகளில் என்று எழுதியது. நூறு யூனிட்டை இலவசமாகவும் அடுத்த நூறைப் பாதி விலைக்கும் கொடுத்துக்கொண்டே அந்த இலக்கை எழுதியவர்களின் துணிச்சலைப் பாராட்ட வேண்டும்.

போட்ட பணத்தைச் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பகலில் பேனல் தரும் மின்சாரத்தை ஈபிக்குக் கொடுத்து, இரவில் ஏசிக்கு அதே அளவு திரும்ப வாங்கி, நிகர யூனிட்டுக்கு மட்டும் காசு கட்டலாம் என்பது நெட் மீட்டர் விதி. மேலே போட்ட கணக்கு முழுதும் அந்த விதியின்மேல்தான் நிற்கிறது. விதி மாறக்கூடியது. பாகிஸ்தானில் கூரை சோலார் காட்டுத்தீயாகப் பரவியதும், 2025 மார்ச்சில் புதிதாகச் சேர்பவர்களிடம் யூனிட்டை 27 ரூபாய்க்குப் பதிலாகப் பத்து ரூபாய்க்கு வாங்க அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது. இலங்கையில் அடுத்த மாதமே சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தது. ஆலைகள் மூடியிருந்ததால் மின்தேவை சரிந்தது, வெயிலோ கொளுத்தியது. கூரை சோலார் வைத்திருப்போர் பகலில் அதை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. இங்கே அப்படி நடக்கும் என்று சொல்வதற்கில்லை. பத்தாண்டு கழித்துத்தான் லாபம் என்கிற முதலீட்டை இன்றைய விதியை நம்பிச் செய்வது வேண்டாத வேலை. மூன்று ஆண்டில் அசல் திரும்பினால் பிறகு எது மாறினாலும் தாங்கிக்கொள்ளலாம்.

மாடியிலும் சில சங்கதிகள் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி வேண்டும். காலை பத்து மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போகிறவருக்கு, மூன்று மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழும் என்று தெரியாது. வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றவையும் சுணங்கும். ஸ்டாண்டின் காலை நிறுத்தத் தட்டோட்டைத் துளைத்தால், ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவர் ஊறிக் காட்டிக்கொடுக்கும். துளைக்காமல் கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்தலாம். அது புயல்காற்றைத் தாங்குமளவு கனமாக இருக்க வேண்டும். கஜா புயலைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பலருக்கும் பின்னால்தான் தெரியவரும் ஒன்று: கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். உச்சி வெயிலில், பேனல் பளபளக்க, வீட்டில் மின்விசிறி ஓடாது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவருக்கு மாடியிலிருந்து போகும் மின்சாரம் உயிராபத்து என்பதால் இன்வெர்ட்டர் தானாக அணையும்படி அமைத்திருக்கிறார்கள். சரியான ஏற்பாடுதான். மின்வெட்டிலும் விளக்கெரிய வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அதன் செலவு தனி.

சொந்த மாடி இல்லாதவர்களைப் பற்றி இந்தப் பேச்சில் யாரும் மூச்சு விடுவதில்லை. வாடகைக்காரர், அடுக்ககவாசி இருவரும் மானியக் கதையின் ஓரத்தில் நிற்கிறார்கள். டெல்லியில் 2019-லேயே ஓரிடத்தில் பேனல் வைத்து, அதன் யூனிட்டைப் பல வீட்டு மீட்டர்களுக்குப் பங்கிடும் முறைக்கு வழிகாட்டுதல் வெளியானது. சென்னையும் கோவையும் அடுக்ககங்களாகவே வளரும்போது, நமக்கும் வேண்டியது அதுதான்.

அதுவரை அடுக்ககச் சங்கங்கள் கைக்கெட்டிய ஒன்றைச் செய்யலாம். லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் பொது மீட்டருக்கு இலவச யூனிட் கிடையாது. லிஃப்ட் உள்ள கட்டடங்களில் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்க்கு மேல். படிக்கட்டுக் கணக்கு இல்லாததால் அங்கே மூன்றாவது கிலோவாட்டும் பத்தாவது கிலோவாட்டும் ஒரே அளவு சம்பாதிக்கும். சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் அதே மத்தியத் திட்டத்தில் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் பெயிண்ட் நிறத்தைப் பற்றிய சண்டை முடிந்ததும், பொது மீட்டரின் கடைசி ஆறு பில்களைச் செயலாளர் மேசைமேல் வைக்கட்டும்.