ஒற்றும் குடியாட்சியும்

ஓசூரை அடுத்துள்ளது கருநாடக மாநிலம். அங்கு 1988-ஆம் ஆண்டில், அரசியலார் பலருடைய தொலைபேசிப் பேச்சு ஒட்டுக் கேட்கப்பட்டது என்னும் குற்றச்சாட்டு எழவே, முதலமைச்சர் இராமகிருஷ்ண ஹெக்டே பதவி துறந்தார்.

அரசுக்கு ஒற்று வேண்டாவோ? வேண்டும். பகைவர் சூழ்ச்சியை அறியாத அரசு நாட்டைக் காத்தல் அரிது. வள்ளுவரும் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். ஆயின், அவர் கூறிய ஒற்று வேந்தனுக்கு உரியது. குடியாட்சியில் வேந்தர் மக்களே. ஆள்வோர் அவர்தம் பணியாளர். பணியாளர் தம் தலைவரையே மறைந்து வேவு பார்த்தல் முறையாகுமோ?

1996-இல் உச்ச நீதிமன்றம் ஒட்டுக் கேட்டலுக்கு வரம்பு கட்டியது. உயர் அலுவலர் ஆணையிடல் வேண்டும். அவ்வாணையைக் குழுவொன்று ஆராய்தல் வேண்டும். 6 திங்களுக்கு மேல் அது நீடித்தல் ஆகாது. ஆயினும், அக்குழுவினரும் அரசு அலுவலரே. மக்கள் மன்றத்திற்குக் கணக்குக் காட்டாத ஒற்று குடியாட்சிக்குப் பகையாம்.