உருண்டுகொள்வது பணிவு அல்ல

கருப்பன் சாப்பிட்டு 77 நாள் ஆகியிருந்தது. அந்த 77 நாளும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

அம்மா: "பால் பைத்தான், பால் பைத்தான்னுதானே சொல்ற. பால் வெச்சுப் பாரேன் ஐயா."

எதிர்வீட்டு ஆன்ட்டி: "வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ள பாம்பு பட்டினி கெடக்கக்கூடாது தம்பி. தண்ணிமலைக்கு நேந்துக்க."

விற்றவர்: "வாயத் தொறந்து எலிய உள்ள தள்ளு பாஸ். ரெண்டு தடவ தள்ளுனா பழகிடும்."

கவிதை எழுதும் நண்பன், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே: "சாப்பிட மறுக்குற பாம்பு. செம படிமம்டா மச்சான். நீ எழுதலன்னா நான் எழுதுறேன்."

இந்த நாலு பேரில் எனக்கு அதிகக் கோபம் வந்தது கடைசி ஆளின் மேல்தான். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்குமுன் என் தப்பை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

முதலில் பெயரைச் சரிசெய்வோம். இந்த 'பால்' மாட்டுப்பால் இல்லை, ஆங்கிலப் பந்து. பந்து மலைப்பாம்பு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் எலிவளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழித்து, இரவில் வெளியே வரும் குட்டையான, பருமனான பாம்பு. ஆபத்து என்று தோன்றினாலும் கடிப்பது அபூர்வம். தலையை நடுவில் வைத்து உடம்பை அதைச் சுற்றி இறுக்கி உருண்டையாகிவிடும். பாம்புக்குத் தலை போனால் எல்லாம் போச்சு. அதனால் தலையைப் பூட்டிவைக்கிறது.

அதாவது நாம் அதற்கு வைத்திருக்கும் பெயரே அதன் பயத்தின் பெயர். அந்தப் பயத்தைத்தான் சந்தையில் 'சாந்தம்' என்று விற்கிறார்கள். 'முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஏற்றது', 'கையில் வைத்தால் குழந்தை மாதிரி' என்றெல்லாம் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பெர்ஹிலித்தான் உரிமத்தோடு, சட்டப்படி. தினமும் வேலை முடிந்து வந்ததும் வெளியே எடுப்பேன். நண்பர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். கருப்பன் உருண்டுகொள்வான். "ஐயோ, எவ்வளவு அமைதிடா" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு அவன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டெஸ்ட் இன்ஜினியர். நிபோங் திபால் வளாகத்தில் நாலு வருஷம் படித்ததில் எது மறந்தாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சீனியர் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை: ஒரு போர்டு டெஸ்டில் தோற்றால் போர்டைத் திட்டாதே, முதலில் டெஸ்டரைப் பார். சாக்கெட் தேய்ந்திருக்கும், கேபிள் தளர்ந்திருக்கும், அளவுத்திருத்தம் தேதி தாண்டியிருக்கும். பாதி நேரம் போர்டில் ஒன்றும் இருக்காது. இதைத் தினமும் பத்து மணிநேரம் செய்கிற நான், வீட்டுக்கு வந்ததும் பாம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். 'பிடிவாதம் பிடிக்கிறான்' என்றேன். ஆராயவேண்டியது பாம்பை அல்ல, பெட்டியை என்று புரியவே பத்து வாரம் ஆனது.

ரெண்டு சென்சார் வாங்கி, பெட்டியின் இரண்டு முனையிலும் வைத்து, ஒரு வாரம் பதிவு பண்ணினேன். வந்த வரைபடத்தைப் பார்த்து வெட்கமாகிவிட்டது. பகலில் 29, 30 பாகை. இரவு பதினொரு மணிக்கு நான் ஏர்கோனைப் போட்டதும் கோடு சரிந்து, விடிகாலையில் 22. அவன் விழித்து நடமாட வேண்டிய நேரத்தில் பெட்டி குளிர்சாதனப்பெட்டி ஆகியிருந்தது. அதே ஏர்கோன் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. வெளியே பினாங்குக் காற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம். என் அறையில், வலைமூடி போட்ட பெட்டிக்குள், 45. சூடு தருவதற்கென்று கண்ணாடிக்கு அடியில் ஒட்டிய தகட்டுக்குத் தெர்மோஸ்டாட் கிடையாது. அந்த இடத்தில் கண்ணாடியின் மேற்பரப்பு 41 பாகை. ஒருபக்கம் குளிர், இன்னொருபக்கம் அடுப்பு. தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்க முடியாத பிராணி இரையை விழுங்கினால் எங்கே போய்ச் செரிக்கும்? அது அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

இந்த அபத்தத்தின் மூலம் எளிமையானது. நான் பின்பற்றிய வளர்ப்புக் குறிப்பு ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு எழுதியது. வெப்பமண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு, குளிர்நாட்டுக்காரன் தன் பனிக்காலத்தைச் சமாளிக்கச் செய்த ஏற்பாட்டை வரிக்கு வரி காப்பியடித்திருக்கிறேன். கூடவே ஏர்கோன் போட்டு அந்தக் குளிர்காலத்தையும் சொந்தச் செலவில் இறக்குமதி செய்திருக்கிறேன். (நம் இலக்கியக் கோட்பாட்டுக் கட்டுரைகள் சிலவும் ஞாபகத்துக்கு வந்தன. அது வேறு சண்டை.)

பெட்டியில் மறைவிடம் ஒன்றே ஒன்று. அதுவும் அழகுக்காக வாங்கிய பெரிய மண்டையோட்டுப் பொம்மை. உள்ளே போனால் நாலு பக்கமும் காற்றாடும். இந்தப் பாம்புக்கு முதுகும் விலாவும் சுவரில் உரச வேண்டும், அப்போதுதான் ஒளிந்திருக்கிறோம் என்று அதற்குத் தோன்றும். நாலு பக்கமும் கண்ணாடி. சுவருக்கு அந்தப்பக்கம் சலவை இயந்திரம். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் தாடை எலும்பு வழியாக அதிர்வு போய்ச் சேரும். வாரத்துக்கு மூன்று நாள் பூகம்பம். இதெல்லாம் போதாதென்று ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ராட்சதக் கை மேலேயிருந்து இறங்கித் தூக்கும்.

பெட்டியைக் கூடத்து மூலைக்கு மாற்றினேன். சூட்டுத் தகட்டுக்குத் தெர்மோஸ்டாட்: ஒருபக்கம் 32, மறுபக்கம் 27. மூன்று பக்கம் கறுப்புக் காகிதம். மண்டையோட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, கடையில் ரெண்டு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் பூச்சட்டியை வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தேன், சூட்டுப்பக்கம் ஒன்று, குளிர்ப்பக்கம் ஒன்று. எடை பார்க்க மட்டும் வாரம் ஒருமுறை எடுத்தேன். 640 கிராமிலிருந்து 604 ஆகியிருந்தது. வாயில் நுரை, மூச்சில் சத்தம், திறந்த வாய், செதிலுக்கடியில் உண்ணி எதுவும் இல்லை. இருந்திருந்தால், எடையும் மளமளவென்று இறங்கியிருந்தால், இந்தக் கட்டுரைக்குப் பதில் கால்நடை மருத்துவரிடம் போயிருப்பேன். நீங்களும் போங்கள்.

மற்றபடி பட்டினி மலைப்பாம்புக்குத் தொழில். பர்மிய மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கிய இரண்டு நாளில் அதன் இதயம் 40 விழுக்காடு வரை பெருக்கிறது. செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குச் சுருங்குகிறது. உண்ணாத காலத்தில் உறுப்புகளையே சுருக்கிவைத்துக்கொள்ளும் உடம்பு அது. பந்து மலைப்பாம்பு, அதிலும் ஆண், இணைசேரும் பருவத்தில் மாதக்கணக்கில் இரை தொடாமல் இருப்பது சாதாரணம். தோலுரிக்கும் முன் கண் வெளிறியிருக்கும்போதும் தொடாது. மூன்று வேளையும் பசியாறுகிற நமக்குத்தான் பதற்றம். விற்றவர் சொன்னபடி வாயைத் திறந்து தள்ளியிருந்தால் கருப்பனுக்கு எலியோடு சேர்த்து என்னையும் பயமாகியிருக்கும்.

இப்போது நண்பனுக்கு வருகிறேன்.

நீ சொன்ன 'படிமம்' என் வீட்டில் 22 பாகைக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. (உண்மையில் அவன் நடுங்கவில்லை. பார்த்தாயா, எனக்கும் தொற்றிவிட்டது.) தமிழ்க் கவிதையில் பாம்பு வந்தால் அது காமம். இல்லாவிட்டால் குற்றவுணர்வு, குண்டலினி, பழிவாங்கும் மூதாதை. கடைசியாக எந்தக் கதையில் ஒரு பாம்பு வெறுமனே இரை செரிக்கப் படுத்திருந்ததைப் படித்தோம்? கவிஞனெல்லாம் விலங்கியல் படிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் பாலைக் கொண்டுவந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தோமே, நமக்கும் அம்மாவுக்கும் என்ன வித்தியாசம்? அம்மா பாலை வைத்தார், நீ அர்த்தத்தை வைத்தாய். பாலூட்டாத இனத்துக்குப் பால் எதற்கு? ரெண்டையும் அது குடிக்காது. சொல்லப்போனால் அம்மாவாவது அதற்குப் பசிக்குமே என்று யோசித்தார்.

வேலைக்குப் போகும் வழியில் சுங்கை குளுவாங் பாம்புக் கோயிலைத் தினமும் கடக்கிறேன். சோர் சூ கோங் என்ற துறவியின் பெயரால் 1850 வாக்கில் எழுந்த கோயில். அங்கிருக்கும் பச்சை வாக்லர் விரியன்கள் ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். காட்டில் யாரும் ஊதுபத்தி கொளுத்துவதில்லை. அங்கேயும் அந்த விரியன் பகலெல்லாம் கிளையில் அசையாமல்தான் கிடக்கும், இரவில் இரைக்காகப் பதுங்கும். அது அதன் வேலைமுறை. நாம் அதற்கு ஒரு பக்திக்கதை கட்டி, காணிக்கையாகக் கோழிமுட்டையும் வைத்தோம். சுற்றியிருந்த மரங்கள் தொழிற்சாலைகளாக, ஒன்றில்தான் எனக்குச் சம்பளம், பாம்புகள் குறைந்துபோயின. கதை குறையவில்லை.

பெனின் நாட்டின் உயிதா நகரத்திலும் ஒரு மலைப்பாம்புக் கோயில் உண்டு. அங்கே வணங்கப்படுவது கருப்பனின் இனமேதான். அவற்றை அவ்வப்போது இரை தேட வெளியே விடுகிறார்கள். ஒரு கோயிலாவது பாம்புக்குப் பசியும் கால்போன போக்கும் உண்டென்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. (கால் இல்லைதான், விடுங்கள்.) அதே பெனினிலிருந்தும் பக்கத்து டோகோ, கானாவிலிருந்தும் இந்தப் பாம்பு லட்சக்கணக்கில் உலகச் சந்தைக்குப் போயிருக்கிறது. கும்பிடுவதும் விற்பதும் பக்கத்துப் பக்கத்துத் தெரு.

2016 ஏப்ரலில் எங்கள் பாயா தெருபோங்கில், மேம்பாலக் கட்டுமான இடத்தில், விழுந்த மரத்தடியில் ஒரு ராஜ மலைப்பாம்பு சிக்கியது. எட்டு மீட்டர், 250 கிலோ என்று மதிப்பிட்டார்கள். உலகத்திலேயே நீளமானதா என்ற கேள்வியோடு படம் உலகம் முழுக்கப் பரவியது. எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்தில் அன்று வேறு பேச்சே இல்லை. சில நாளில் அது ஒரு முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போனது. முட்டையிடப் போகும் தாயைப் புரட்டி இழுத்துத் தூக்கியிருக்கிறோம். எனக்கு அப்போது பதினெட்டு வயசு. நானும் மீட்டர் கணக்கைத்தான் பேசினேன்.

பாம்பைப் பார்க்கத் தெரிந்த தமிழர்கள் இல்லாமலில்லை. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களைக் கூப்பிட்டது. வளர்ப்புச் சந்தையிலிருந்து தப்பியும் விடப்பட்டும் சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க. தடம், உரித்த சட்டை, எச்சம், புல் படிந்திருக்கும் விதம் எல்லாவற்றையும் அவர்கள் வாசித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. இலக்கிய வாசகர்களே, வாசிப்பு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதை அங்கே புல்லின் மேல் இரண்டு பேர் செய்துகொண்டிருந்தார்கள்.

"அப்போ நீ ஏன்டா வளர்க்கற? விட்டுடு" என்று கேட்பீர்கள். எங்கே விட? ஃபுளோரிடாவின் கதை அப்படித்தான் தொடங்கியது. கருப்பன் இந்தத் தீவுக்காரன் இல்லை. முப்பது வருஷம்கூட வாழக்கூடிய பிராணியை 27 வயசில் ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். வாங்கியிருக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன். அதனால் அவனுக்கு நான் கடன்பட்டவன். அந்தக் கடனை அன்பால் அடைக்க முடியாது, தெர்மோஸ்டாட்டால் ஓரளவு முடியும்.

பெட்டியை மாற்றிய நாலாவது வாரம், உறைநிலையிலிருந்து எடுத்த சின்ன எலியை வெந்நீரில் சூடுபடுத்தி, விளக்கை அணைத்து, இடுக்கியால் பூச்சட்டி வாசலில் காட்டினேன். உதட்டோரக் குழிகளால் சூட்டைக் காணும் பாம்பு, அதனால் எலி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். முதல் வாரம் திரும்பிக்கொண்டான். அடுத்த வாரம் நாக்கை நீட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். மூன்றாவது வாரம், பூச்சட்டிக்குள்ளேயிருந்து ஒரு மின்வெட்டு மாதிரி வந்து பிடித்தான். நான் பின்னால் குதித்து அலமாரியில் தலையை இடித்துக்கொண்டேன். அம்மா சமையலறையிலிருந்து, "பால் குடிச்சுட்டானா?" என்றார்.

போன வாரம் நண்பன் வந்திருந்தான். "தூக்கிப் பார்க்கட்டுமாடா?" என்றான். வேண்டாம், செரித்துக்கொண்டிருக்கிறான் என்றேன். கொஞ்ச நேரம் பூச்சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றும் தெரியவில்லை என்றான். ஆமாம் என்றேன்.