மலை பச்சை, மனுசர் நீலம்

போன மாதம் கலஹாவில் ஒரு சின்னத் திரையிடல் வைத்தோம். பெரிய படம் ஒன்றும் இல்லை. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெண்களோடு நாங்களே போனில் எடுத்த பேட்டிகள்தான். லினக்ஸ் போட்ட பழைய லெப்டொப் ஒன்று, இரவல் வாங்கிய புரொஜெக்டர் ஒன்று. வீடியோ ஓடத் தொடங்கியதுமே சிரிப்பு. பேசிக்கொண்டிருந்த பாட்டியின் முகம் நீலம், நெற்றியில் இருந்த குங்குமப் பொட்டும் நீலம். "என்னாங்கப்பா, எல்லாரையும் கிருஷ்ணராக்கிட்டீங்க?" என்று முன்வரிசையில் ஒரு குரல்.

மறுநாள் திருத்துகிற கடையில் பதில் அரை நிமிசத்தில் வந்தது. "லினக்ஸ்ல இப்படித்தான். ஃபோமட் பண்ணி விண்டோஸ் போட்டா சரியாகிரும்." அந்தப் பேட்டிகள் அந்த லெப்டொப்பில் மட்டும்தான் இருந்தன. (வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்காதது எங்கள் மடத்தனம், ஒப்புக்கொள்கிறோம்.) பேசியவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

காரணம் தெரியாமலே ஃபோமட் பண்ணுகிற இந்தப் பழக்கம் நம்மிடம் ரொம்ப ஊறிப்போயிருக்கிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் நாங்கள் இதில் இன்னும் மோசம். "அது சயன்ஸ் பீடத்துக்காரங்க வேலை" என்று கையைக் கட்டிக்கொள்வோம். ஆனால் அன்றைக்குத் திரையை ஒழுங்காகப் பார்த்திருந்தாலே பாதி விசயம் விளங்கியிருக்கும். மனுசர் நீலம். பின்னால் இருந்த தேயிலை மலை மட்டும் பச்சை, அப்படியே பச்சை.

துப்பு அதுதான். வீடியோவில் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என்று நேராகச் சேமிக்கப்படுவதில்லை. வெளிச்சம் எவ்வளவு என்பது ஒன்று, நீலம் அந்த வெளிச்சத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது இன்னொன்று, சிவப்பு எவ்வளவு விலகுகிறது என்பது மூன்றாவது. 1950களில் அமெரிக்காவில் கலர் டிவி வந்தபோது பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் ஓட வேண்டியிருந்ததால் வந்த ஏற்பாடு இது. இன்றைய போன் வீடியோ வரைக்கும் அது தொடர்கிறது. கடைசி இரண்டும் இடம் மாறினால் தோல் நிறம் நீலமாகும். பச்சையில் இரண்டுமே குறைவு என்பதால் மாற்றிப் போட்டாலும் பச்சை பெரிதாக மாறாது. முழுத்திரையும் வெறும் பச்சையாகப் போனால் அது வேறு வியாதி, அநேகமாகப் படத்தின் தகவலே வந்து சேரவில்லை.

அடுத்து நாங்கள் பார்த்தது, வீடியோவுக்கு வெளியே என்ன நிறம் என்று. டெஸ்க்டொப் படமும் மெனுவும் சரியாக இருந்தன. விஜிஏ கேபிளில் ஒரு பின் வளைந்திருந்தால் முழுத்திரையுமே நிறம் மாறியிருக்கும், ஏனென்றால் அதில் மூன்று நிறமும் தனித்தனிப் பின்னில் போகின்றன. ஆக கேபிளும் புரொஜெக்டரும் நிரபராதிகள். அதே ஃபைல் போனில் சரியாக ஓடியது, ஃபைலும் நிரபராதி. மிஞ்சியது பிளேயரும் கிராஃபிக்ஸ் சிப்பும் கைமாற்றுகிற இடம். வீஎல்சி செட்டிங்ஸில் ஹார்ட்வெயார் டிகோடிங்கை நிறுத்தினோம். பாட்டிக்கு முகநிறம் திரும்ப வந்தது. விலை இல்லாமல் இல்லை: வேலை முழுவதும் புரொசசர் தலையில் விழுவதால் லெப்டொப் சுடுகிறது, ஃபேன் கத்துகிறது, பெட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது.

லினக்ஸ் மேல் குற்றமே இல்லை என்று வக்காலத்து வாங்க வரவில்லை. 2012இல் அடோபி ஃபிளாஷ் 11.2 வந்தபோது என்விடியா கார்ட் வைத்திருந்த லினக்ஸ்காரர்கள் பலருக்கு இதே நீல முகம்தான். அன்றும் ஹார்ட்வெயார் உதவியை நிறுத்தித்தான் சமாளித்தார்கள். 2022இல் ஃபெடோரா, காப்புரிமைச் சிக்கலுக்குப் பயந்து, சில வீடியோ வகைகளுக்கான அந்த வசதியைத் தன் பொதியிலிருந்தே எடுத்துவிட்டது. லாபம் இல்லாத இடத்தில் கம்பனிகள் குறைவாகத்தான் சோதித்துப் பார்க்கும். ஆனாலும் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, எங்கள் மெசினில் 11 ஏறாது. தோட்டத்திலிருந்து கம்பஸ் வருகிற பலர் கையில் இருப்பது இப்படி இரண்டாம் கை, மூன்றாம் கை லெப்டொப்தான். புதுசு வாங்கச் சொல்வது லேசு.

எங்களுக்கு உண்மையில் கோபம் வேறொன்றில். தேடினால் இதற்கான விளக்கம் ஆங்கிலத்தில் கொட்டிக் கிடக்கிறது, தமிழில் எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கலஹா வீதி பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவாலே ஓடுகிறது. இடையில் நிற்கும் ஹந்தானையின் பேரிலேயே இலங்கையில் ஒரு லினக்ஸ் செய்தார்கள், ஃபெடோராவை அடிப்படையாக வைத்து. லினக்ஸைத் தொடங்கிய டோர்வால்ட்ஸும் 1991இல் 21 வயது மாணவர்தான். வீஎல்சியும் பாரிசில் மாணவர்கள் தொடங்கிய வேலைதான். நாங்கள் மென்பொருள் எழுத வேண்டாம், கண்ணால் கண்டதை நாலு பேருக்கு விளங்கும் தமிழில் எழுதலாமே. அதற்கு சயன்ஸ் பீடம் தேவையில்லை.

போன ஞாயிறு திரும்பவும் போட்டோம். ஒரு பாட்டி தன் சேலையைப் பார்த்துவிட்டு, "இது மெரூன், நீங்க சிவப்பா காட்டுறீங்க" என்றார். கறுப்பும் இன்னும் சாம்பல் மாதிரித்தான் விழுகிறது. 16க்கும் 235க்கும் இடையில் அடக்கிய வெளிச்சத்தை 0 முதல் 255 வரை விரிக்காமல் காட்டினால் அப்படி வெளிறும் என்று வாசித்திருக்கிறோம். அது எங்கே நடக்கிறது, லெப்டொப்பிலா புரொஜெக்டரிலா என்று வருகிற சனிக்கிழமை பார்க்கப்போகிறோம். பேட்டிகளை இதற்குள் மூன்று இடத்தில் பிரதி எடுத்தாச்சு.